கம்பம் பள்ளத்தாக்கின் கப்பலோட்டி

வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டார் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே கடல் இருந்தது. தேனி மாவட்டத்தில் கடலும் கிடையாது, காயலும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அப்படிப்பட்ட ஊரில், வீட்டு வாசலில் பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்றைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அவர் திடீரென்று முளைத்தவர் அல்ல. ‘பழசை வாங்கிப் புதுசாக்கும் ஆள்’ என்று ஊருக்கு ஒருவர் உண்டே, அந்த இனத்தின் முற்றிய ரகம் அவர்.

முதலில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் தொடங்கியிருப்பார். அப்புறம் ஜீப். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற ஜீப்புகள் ஓய்ந்துபோய் நிற்கும்போது, ஒன்றை வாங்கிப் பெயின்ட் அடித்து ஓட்டிக் காட்டியிருப்பார். ஜீப் ஓடிவிட்டது என்பதுதான் எல்லா வினைக்கும் காரணம். நாலு சக்கரம் உள்ளதையே ஓட்டியவனுக்குச் சக்கரமே இல்லாதது எம்மாத்திரம் என்று தோன்றிவிட்டது. ‘கேப்டன்’ என்ற பட்டம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டதால், ஊரார் இவருக்குப் ‘படகண்ணன்’ என்று பெயர் வைத்தார்கள்.

படகு கிடைத்தது மலைக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு தங்கும் விடுதியின் கொல்லையில். உள்ளே மட்கிய தென்னை ஓலை, மழைத்தண்ணீர், அதில் நிரந்தரவாசிகளாக நாலைந்து தவளைகள். விற்றவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் அண்ணன் விழுந்தார். “ஃபைபராச்சே, மக்கவே மக்காது!” அதோடு என்ஜினை இனாமாகவும் கொடுத்துவிட்டார். இனாமாக வரும் என்ஜினைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஜீப் சொல்லிக்கொடுத்த பாடம் அன்றைக்குப் பார்த்து நினைவுக்கு வரவில்லை.

குட்டி யானையில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் குமுளி மலைப்பாதையில் படகு இறங்கியது. செக்போஸ்டில் மரமா, மணலா, மாடா என்று கேட்டுப் பழகியவர்கள் கொஞ்ச நேரம் பேச்சற்று நின்றார்கள். “எங்கண்ணே கொண்டு போறீங்க?” “வீட்டுக்கு.” இதற்கு மேல் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. பேப்பர் வந்ததும் மற்ற ஊர்க்காரர்கள் ராசிபலன் பார்ப்பார்கள். இங்கே அணை நீர்மட்டம் பார்ப்பார்கள். முல்லைப் பெரியாறு 142 அடி, வைகை 71 அடி, சோத்துப்பாறை 126 அடி, மஞ்சளாறு 57 அடி என்று தேக்கும் உச்ச மட்டத்தைப் பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும். ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலில் எந்த மடைக்கு எப்போது வரும் என்று விரல் விட்டுச் சொல்வார்கள். பாய்ச்சத் தெரியும், தேக்கத் தெரியும், அதற்காக வழக்கு நடத்தவும் தெரியும். அதன் மேல் ஏறிப் போவதுதான் பழக்கமில்லை. ஆகவே டீக்கடையில் கிடைத்த யோசனையெல்லாம் தரை யோசனை. “டிங்கர்கிட்ட விடுங்கண்ணே, பட்டி பார்த்து டூகோ அடிச்சா புதுசாயிரும்.” அண்ணனும் அதைத்தான் செய்தார். ஒரு வாரத்தில் படகு நீலமும் வெள்ளையுமாக ஜொலித்தது. பக்கவாட்டில் குலதெய்வத்தின் பெயரும் ஏறிவிட்டது.

சின்னமனூருக்கு வாழைத்தார் ஏற்ற வந்த தூத்துக்குடி லாரிக்காரர் ஒருவர்தான் விளையாட்டைக் கெடுத்தார். சிறு வயதில் கடலுக்குப் போனவராம். படகைச் சுற்றி வந்தார், பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. ஜாக்கி லீவரைத் திருப்பிப் பிடித்து, பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். என்ஜின் மாட்டுகிற பின்பலகைக்கு வந்ததும் சத்தம் மாறியது. டொப்.

“உள்ள பிளைவுட்டு போயிருச்சு அண்ணாச்சி.”

“ஃபைபர் மக்காதுன்னாங்களே?”

“ஃபைபர் மக்காது. அதுக்குள்ள இருக்க பலகை மக்கும்லா?”

விஷயம் இவ்வளவுதான். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த மேலோடு மழையிலும் வெயிலிலும் கிடந்தாலும் சீக்கிரம் கெடாது. ஆனால் என்ஜின் பாரத்தைத் தாங்கும் பின்பலகைக்கும், தரைத்தளத்துக்கும், அடியில் ஓடும் தாங்கு கட்டைகளுக்கும் பல படகுகளில் உள்ளே மரம்தான். ஒரு திருகாணி ஓட்டை வழியாக இறங்கும் ஈரம் போதும். உள்ளே போன தண்ணீருக்குத் திரும்பி வர வழியில்லாததால் அங்கேயே தங்கிப் பலகையைப் பஞ்சாக்கிவிடும். மிதப்பதற்காக அடைத்த நுரையும் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். பெயின்ட் அடிப்பதுதான் கடைசி வேலை. அண்ணன் அதை முதலில் முடித்துவிட்டார்.

கிரைண்டர் எடுத்துப் பின்பக்கத்தை அறுத்தார். புட்டு போல உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்தது. கூடவே கண்ணாடித் தூசியும் பறந்தது. முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி எல்லாம் வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது; அன்றைக்கு அவர் போட்டிருந்தது கை வைத்த பனியன். மூன்று நாள் சொறிந்தார். கொடியில் காய்ந்த சேலையைக் கட்டிய குற்றத்துக்காக மதினியும் சொறிந்தார். “ஏங்க, ஊர்ல ஆம்பளைக குடிக்கிறாக, சீட்டாடுறாக. அவுக பொண்டாட்டிக்கெல்லாம் அரிக்கவா செய்யுது?” இந்தக் கேள்விக்கு அண்ணனிடம் இன்றுவரை பதில் இல்லை.

அடுத்து ரெசின். மதுரையிலிருந்து ரெசின், கண்ணாடி இழை மேட், ஹார்டனர், ஆக்சிலரேட்டர் எல்லாம் வந்தன. ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் பத்து, இருபது மில்லிதான். வெயில் ஏற ஏற அளவைக் குறைக்க வேண்டும். அண்ணன் வேலைக்கு இறங்கியது வீரபாண்டித் திருவிழாச் சமயம், சித்திரை வெயில், பகல் பன்னிரண்டு மணி. சீக்கிரம் இறுகட்டும் என்று இன்னும் இரண்டு மூடி ஊற்றினார். பிரஷ்ஷை எடுத்துத் திரும்புவதற்குள் வாளியிலேயே இறுகி, கொதித்து, புகைந்து, பிளாஸ்டிக் வாளியும் கோணிக்கொண்டது. பிரஷ் இன்னும் அதற்குள் நட்டுக்க நிற்கிறது. இதையாவது சிரித்து விடலாம். ஹார்டனரையும் ஆக்சிலரேட்டரையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அந்தத் தவறை அண்ணன் செய்யாததற்குக் காரணம் அறிவு அல்ல. ரெசினில் கலந்தது போக மீந்த ஆக்சிலரேட்டர் பாட்டிலை மதினி ஒளித்து வைத்திருந்தார்.

என்ஜின் கதை சுருக்கமானது. வெளியே தொங்கும் ரக என்ஜின்கள் பெரும்பாலும் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சித்தான் தம்மைக் குளிர வைத்துக்கொள்ளும். ஜீப் கண்ட அண்ணன் ரேடியேட்டரைத் தேடினார், காணவில்லை. ‘ஏர் கூல்டு போல’ என்று தீர்ப்புச் சொல்லி, தரையில் ஸ்டாண்டு கட்டி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தார். தெருவே கைதட்டியது. உள்ளே தண்ணீர் தள்ளும் ரப்பர் விசிறி, கைதட்டல் ஓய்வதற்குள் கருகியது. அதற்கப்புறம்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்கு யோகம் வந்தது. என்ஜின் அதில் குளிக்கிறது; மாடு அண்டா மாறியிருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். எங்கே விடுவது?

வைகை அணை 1959-இலிருந்து இருக்கிறது. பரிசலில் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சொந்த மோட்டார் படகை இறக்குகிறேன் என்று போனால் விரட்டித்தான் விடுவார்கள். பெரியாறு நீர்த்தேக்கத்தின் பேரையே எடுக்கக் கூடாது. 1895-இல் அணை கட்டி முடித்ததால் உண்டானதுதான் தேக்கடி ஏரி. அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. ஆனாலும் அணைக்குப் போய்வர நம் பொதுப்பணித்துறை வாங்கிய ‘தமிழன்னை’ படகே கேரளத்தின் அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. அரசாங்கத்தின் அன்னைக்கே அந்தக் கதி என்றால் அண்ணனின் குலதெய்வம் எந்த மூலைக்கு? மிச்சம் ஊர்க் கண்மாய். அதில் மீன்பாசிக் குத்தகைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். “மோட்டரை விட்டா மீனெல்லாம் கலங்கிரும்ணே.” மீன் கலங்காவிட்டாலும் ஆகாயத்தாமரை விசிறியைச் சுற்றிக்கொள்ளும்.

போதாததற்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். என்ஜின் வைத்த படகுக்குப் பதிவும் வேண்டும், ஆய்வுச் சான்றிதழும் வேண்டும். எதற்கெடுத்தாலும் குறுக்குவழி பேசும் அண்ணன் இந்த இடத்தில் மட்டும் பேச மாட்டார். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது மலைக்கு இந்தப் பக்கமும் யாருக்கும் மறக்கவில்லை. ரெசின் வாங்கும் முன்பே அவர் லைஃப் ஜாக்கெட் வாங்கிவிட்டார். முழு வேலையில் அவர் சரியான வரிசையில் செய்தது அது ஒன்றுதான்.

படகண்ணனைப் பற்றி என் தீர்ப்பு இது. அவர் படகோட்டி அல்ல, ஆக மாட்டார். ஆனால் பின்பலகையைப் புதிதாகப் போட்டு, நான்கு அடுக்கு மேட் ஒட்டி, இப்போது தட்டினால் எங்கும் டங் என்று கேட்கும்படி செய்துவிட்டார். மக்கவே மக்காது என்று யார் எதை விற்க வந்தாலும் நம்ப மாட்டார். சுத்தியலை எடுத்துத் தட்டித்தான் பார்ப்பார். போன மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்ததாகக் கேள்வி.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தால், “ஒரு கை பிடிங்க தம்பி” என்று கட்டாயம் கூப்பிடுவார். தட்டாமல் போங்கள். பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். ரெசின் பட்டால் துணியில் போகாது.