கேட்டால் சொல்வேன்: பழைய காருக்கு நல்ல மூச்சு

கே: ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் குடி முழுகிப் போகுமா? (பாசல் வாசகர்)

ப: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். அதில் வரும் மணல் சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஃபில்டர் காசை மிச்சம் பிடித்தவர், எஞ்சினைப் பிரித்துக் கட்டும் கூலியைத் தயாராக வைத்திருக்கவும்.

கே: ஆல்ப்ஸ் காற்று சுத்தமானதாயிற்றே? (லுசேர்ன்)

ப: சஹாரா தூசிக்கு விசா தேவையில்லை. தென்காற்றில் ஏறி வந்து பனியையே மஞ்சளாக்கிவிடும். பின்னாலேயே வசந்தகால மகரந்தம். கார்புரேட்டரை மட்டும் விட்டுவைக்குமா?

கே: ஃபுர்கா கணவாயில் ஏறினால் கறுப்புப் புகை. ஃபில்டர் அடைப்போ? (பேர்ண்)

ப: 2,429 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கீழே இறங்கியதும் புகை நின்றால் குற்றவாளி மலை. நிற்காவிட்டால் முதலில் ஃபில்டரை விசாரியுங்கள். 1964-இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்துக்கு ஆஸ்டன் மார்ட்டின் ஓடியதும் இதே சாலைதான். ஜேம்ஸ் பாண்டுக்கும் அதே காற்றுதான்!

கே: எஸ்.யூ. கார்புரேட்டருக்குப் புது ஃபில்டர் போட்டேன். வண்டி இழுக்க மறுக்கிறது. (சூரிச்)

ப: ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள காஸ்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். கார்புரேட்டர் முகப்பில், பெரிய வாயின் ஓரமாகச் சிறு துளை இருக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கு அடியில் காற்று போக அதுதான் வழி. காஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டினால் துளை அடைபடும், பிஸ்டன் எழாது. நம்மூர் பெட்ரோல் அம்பாசடரிலும் இருந்தது எஸ்.யூ.தான்.

கே: பீட்டில் காரின் ஆயில் பாத் ஃபில்டரை எப்படிப் பராமரிப்பது? (செங்காலன்)

ப: அடியில் தேங்கிய சேற்றை வழித்துத் துடைத்து, உள்ளே உள்ள குறி வரை புது எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். குறியைத் தாண்டினால் எஞ்சின் குடித்துவிடும். பழைய ஆயில் சேகரிப்பு நிலையத்துக்கு. சாக்கடையில் ஊற்றினால் சட்டம் வீடு தேடி வரும்.

கே: ஃபில்டரைக் கழுவலாமா? (லவுசான்)

ப: காகித ஃபில்டரைக் கழுவினால் கிடைப்பது கூழ். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் இருட்டாக இருந்தால் குப்பைக்கு. பருத்தி ஃபில்டரைக் கழுவலாம். நன்றாக உலர்ந்தபின் அதற்குரிய ஆயிலைத் தடவ வேண்டும். மறந்தால், தூசிக்கு அது திறந்த வீடு.

கே: வெபர் கார்புரேட்டரின் உறுமலைக் கேட்க ஃபில்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன். தப்பா? (ஜெனீவா)

ப: ஒரு பின்வெடிப்பில் கார்புரேட்டர் வாயிலேயே தீ வரும். ஃபில்டர் அதற்கும் ஒரு தடுப்பு. தீப்பிடித்தால் போவது எஞ்சின் மட்டுமல்ல: 30 ஆண்டு கடந்து, அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் சுவிஸில் வெட்டரன் அந்தஸ்து. கரிந்துபோன எஞ்சினை எந்த அதிகாரியும் அசல் என்று எழுதமாட்டார்.

கே: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? (பாசல்)

ப: அபூர்வமாக வெளியே வரும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது; நாள்காட்டி உதவும். ஆண்டுக்கு ஒருமுறை, மகரந்தக் காலம் முடிந்ததும் திறந்து பாருங்கள். அழுக்கென்றால் தயங்காமல் மாற்றுங்கள். பழைய எஞ்சினுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.