தயங்காத துபாஷி

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். ஒரு பக்கம் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே. மறுபக்கம் நவாபின் ஆட்கள், துணி வியாபாரிகள், வழக்கோடு வந்து நிற்கும் ஊர்க்காரர்கள். நடுவில் நிற்பவருக்கு இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், யாருக்கு யார் மேல் வருத்தம் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். 1736இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் அவர் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், ஒரு துபாஷி தலைக்குள் எத்தனை ஊர்க்கதையைச் சுமக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

நம் கைபேசிக்குள் இருக்கும் துபாஷிக்கு அந்தச் சுமை கிடையாது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுமொழியில் தருகிறது. யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. இந்தச் சொல்லுக்கு நான்கு பொருள் இருக்கிறதே, எது வேண்டும் என்று நம் நேரத்தை வாங்குவதில்லை. தூக்கம் இல்லை, கூலி இல்லை, சந்தேகம் இல்லை. சந்தேகமே வராத ஒரு மொழிபெயர்ப்பாளர் உலக வரலாற்றில் இதற்கு முன் பிறந்ததில்லை. அதனால்தான் இதைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்தேன்.

இந்த நிலைக்கு வருவதற்கு அது பட்ட பாடு சிறிதல்ல. 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலமாக்கிக் காட்டின. 250 சொற்கள், ஆறு இலக்கண விதிகள். மூன்று, அல்லது ஐந்து ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்று அப்போது நம்பிக்கையோடு சொன்னார்கள். 1960இல் யெஹோஷுவா பார்-ஹில்லல் என்ற அறிஞர் குறுக்கே வந்து ஒரு சின்ன வாக்கியத்தை வைத்தார். ஆங்கிலத்தில் 'பென்' என்றால் பேனா. குழந்தை விளையாடத் தரையில் வைக்கும் தடுப்புக் கூண்டும் 'பென்'தான். பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது என்று ஒருவர் சொன்னால், அது பேனாவுக்குள் இருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். பேனா எவ்வளவு பெரியது, பெட்டி எவ்வளவு பெரியது என்று கையால் தொட்டு வளர்ந்தவர்கள் நாம். கணினி எதைத் தொட்டு வளர்ந்தது என்று கேட்டார் அவர். 1966இல் அமெரிக்க அரசு அமைத்த குழுவும் இந்த ஆய்வில் பெரிய பலன் இல்லை என்று கைவிரித்தது. பணம் நின்றது. அறிஞர்களின் இப்படிப்பட்ட அவநம்பிக்கையை எல்லாம் தாண்டி வந்த பிள்ளை இது.

வளர்ப்பும் உயர்ந்த இடத்து வளர்ப்பு. விதிகளைச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, ஏற்கெனவே மனிதர்கள் மொழிபெயர்த்து வைத்ததைக் கணினிக்குக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னபோது, முதலில் கிடைத்தவை கனடா நாடாளுமன்றத்தின் ஆங்கில, பிரெஞ்சு நடவடிக்கைக் குறிப்புகள். பிறகு ஐரோப்பிய நாடாளுமன்ற உரைகள், ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணங்கள். 2006இல் கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கியபோது அதன் பாலபாடம் இத்தகையதுதான். தமிழ் அதில் சேர்ந்தது 2011இல். தீர்மானம் நிறைவேற்றுவது, கண்டனம் தெரிவிப்பது, கவலையை வெளியிடுவது, குழு அமைப்பது ஆகியவற்றில் இந்தத் துபாஷி இன்றும் தேர்ந்தவராக இருப்பதில் வியப்பில்லை. அந்த அவைகளில் யாரும் அரிசி களைந்ததில்லை, குழந்தைக்குத் தலைவாரிப் பூ வைத்ததில்லை, சளி பிடித்த பேரனுக்குக் கஷாயம் புகட்டியதில்லை. அந்தச் சொற்கள் அதற்குத் தெரியவில்லை என்றால், அது படித்த பள்ளியின் கௌரவத்தைத்தான் காட்டுகிறது.

எல்லா மொழிகளையும் அது சமமாக நடத்தும் முறையைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தமிழிலிருந்து மலாய்க்கோ ஜப்பானியத்துக்கோ போக வேண்டுமென்றால், நெடுங்காலம் அதற்கு ஒரே வழிதான் இருந்தது. முதலில் தமிழ் ஆங்கிலமாகும், பிறகு ஆங்கிலம் அந்த மொழியாகும். ஆங்கிலம் நடுவில் ஒரு சுங்கச்சாவடி. யாராக இருந்தாலும் அங்கே நின்று, ஆங்கிலத்தில் இடமில்லாத மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பாரபட்சமே இல்லை.

ஈரோட்டிலிருந்து கோலாலம்பூருக்குச் சுற்றுலா போன ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மதியம் உணவகத்திலிருந்து வெளியே வந்து, வண்டியில் காத்திருக்கும் மலாய் ஓட்டுநரிடம் கைபேசியை நீட்டுகிறார்கள். "நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், நாம் கிளம்பலாம்." இந்த வாக்கியத்தில் 'நாங்கள்' என்றதுமே ஓட்டுநர் அந்தச் சாப்பாட்டில் இல்லை என்பது வந்துவிட்டது. 'நாம்' என்றதும் அவரும் பயணத்தில் சேர்ந்துவிட்டார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் தனி அடையாளங்களில் ஒன்றாகக் குறித்த வேறுபாடு இது. மலாய்க்காரருக்கும் இது புதிதல்ல. அவர்கள் மொழியில் கேட்பவரை விலக்கிச் சொல்ல 'காமி', சேர்த்துச் சொல்ல 'கித்தா'. ஈரோட்டுக்காரரும் கோலாலம்பூர்க்காரரும் நேருக்கு நேர் ஒரே கணக்கில் பேசுகிறார்கள். நடுவில் நிற்கும் ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் 'வி' ஒன்றே போதும். அதைத் தாண்டி மறுபக்கம் வரும்போது 'காமி'யா 'கித்தா'வா என்று துபாஷிதான் ஊகிக்க வேண்டும். 'கித்தா' என்று விழுந்தால், பட்டினியோடு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரிடம் நாம் எல்லாரும் சாப்பிட்டாகிவிட்டது என்று சொன்னதாகிறது. சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாமல் ஒரு மரியாதைக் குறைவை இவ்வளவு சுத்தமாகக் கைமாற்றும் திறமை மனிதத் துபாஷி எவருக்கும் வாய்க்காது.

இதே பாதையில் நெல், அரிசி, சோறு மூன்றும் போகும். வயலில் நிற்பது வேறு, மூட்டையில் இருப்பது வேறு, இலையில் விழுவது வேறு என்று சோறுண்ணும் மக்கள் அனைவரும் அறிவார்கள். மலாயில் பாடி, பெராஸ், நாசி. ஜப்பானியத்தில் இனே, கோமே, கோஹான். ஆங்கிலத்தில் மூன்றையும் 'ரைஸ்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். கோதுமை தின்றவர்களின் மொழியில் அது போதுமானதாக இருந்தது, குற்றமில்லை. அந்தப் போதும் என்ற மனம் இப்போது நமக்கும் சொல்லித்தரப்படுகிறது.

வினைச்சொற்களில் துபாஷியின் சிக்கனம் இன்னும் பெரிது. நாம் ஊதாரிகள். புடவை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம், பொட்டு வைக்கிறோம், பூ வைக்கிறோம் அல்லது சூடுகிறோம், திருநீறு பூசுகிறோம். உடம்பின் மேல் ஒரு பொருள் எப்படி நிற்கிறது என்பதைத் தமிழ் வினை பார்த்துச் சொல்கிறது. சுற்றி நிற்பது ஒன்று, தொங்குவது ஒன்று, ஒட்டுவது ஒன்று. ஜப்பானியரும் இதில் நம்மைப் போலத்தான். மேலுடம்பில் போடுவதற்குக் கிரு, இடுப்புக்குக் கீழேயும் காலிலும் போடுவதற்கு ஹாகு, தலையில் வைப்பதற்குக் காபுரு, கண்ணாடிக்குக் காகெரு, இறுக்கிக் கட்டுவதற்கு ஷிமெரு. காரின் இருக்கைப் பட்டைக்கும் அவர்களிடம் ஷிமெருதான். ஆங்கிலத்தின் 'வேர்' இத்தனையையும் ஒரே கையில் வாங்கிக்கொள்கிறது. அது ஆங்கிலத்துக்கு இயல்பு. ஒரு வினைக்கு ஏராளமான வேலை கொடுத்துப் பழகிய மொழி அது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'செட்' என்ற ஒரு வினைக்கு ஏறத்தாழ 430 பொருள்கள் இருந்தன. எந்த 'செட்' எது என்பது ஆங்கிலேயக் குழந்தைக்கு இடம் பார்த்துப் புரியும்.

துபாஷி அந்த 'வேர்' என்ற சொல்லைத் தமிழில் 'அணி' என்று ஒருமுறை கண்டுபிடித்தது. அதோடு தேடலை நிறுத்திக்கொண்டது. தலைக்கவசம் அணியவும், முகக்கவசம் அணியவும், இருக்கைப் பட்டை அணியவும். கண்ணாடியும் அணி, செருப்பும் அணி, மல்லிகைப்பூவும் அணி. கட்டு, போடு, மாட்டு, வை, சூடு, பூசு என்று இத்தனை காலம் ஓயாமல் உழைத்த வினைகளுக்கு இப்போதுதான் ஓய்வு கிடைத்திருக்கிறது. வீட்டில் ஆங்கிலமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் "பூ வேர் பண்ணிவிடு" என்று கேட்பதைக் கேட்டால், ஓய்வு நிரந்தரமாகிவிடும் என்றே தோன்றுகிறது. மறுபடி அந்தப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுத வேண்டுமானால் துபாஷியின் தமிழ்தான் கைகொடுக்கும். தனக்கான வாசகர்களைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

மரியாதை விஷயத்திலும் அது நம்மைப் பெரிய சிக்கலிலிருந்து விடுவித்தது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். திருப்பூர்ப் பின்னலாடை ஆலையில் வேலை செய்யும் பீகார் இளைஞர் மேற்பார்வையாளரிடம் இந்தியில் 'ஆப்' என்று மரியாதையோடு கேட்ட கேள்வி, ஆங்கிலத்தைக் கடந்து தமிழுக்கு வரும்போது 'நீ' என்றும் வரலாம். இந்தியில் 'ஆப்' உண்டு, தமிழில் 'நீங்கள்' உண்டு. கொடுத்தவரிடமும் இருந்தது, வாங்குபவரிடமும் இருந்தது. நடுவில் மட்டும் இல்லை. ஆங்கிலத்தின் 'ஷீ' தமிழுக்கு வரும்போது பல நேரம் 'அவள்' ஆகிறது. தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார் என்ற வாழ்த்துச் செய்தியில் "அவள் முப்பது ஆண்டுகள் பணியாற்றினாள்" என்று வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட கவனத்தை அந்த ஆசிரியைக்கு எந்தப் பாராட்டு விழாவும் தந்திருக்காது.

ஆண், பெண் வேறுபாடு காட்டாத மொழிகளுக்கும் அது உதவியிருக்கிறது. துருக்கி மொழியில் 'ஓ' என்றால் அவனும் உண்டு, அவளும் உண்டு. மருத்துவர் என்று வந்தால் ஆண், செவிலியர் என்று வந்தால் பெண் என்று துபாஷி தானே முடிவு செய்துவிடும். உலகம் எழுதிவைத்த கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து அது கற்ற உலக நடப்பு அது. 2018 டிசம்பரில் கூகுள் துருக்கிக்கு இரண்டு விடைகளையும் காட்டத் தொடங்கியது. தயக்கம் என்ற குணம் அதற்குள் நுழைந்த அரிய தருணம். நல்லவேளை, எல்லா மொழிக்கும் பரவிவிடவில்லை.

அதன் உண்மையான பயனை நான் மறுக்கவே மாட்டேன். ஊர் பேர் தெரியாத ரயில் நிலையத்தில், பேசத் தெரியாத மொழிக்கு நடுவில் நிற்கும் ஒருவருக்கு அது கையில் இருக்கும் விளக்கு. பேச்சு இல்லாத இடத்தில் அரைகுறைப் பேச்சு பெரிய வரம். என் புகழ்ச்சி முழுவதும் போய்ச் சேர வேண்டியது, அந்த விளக்கை ஆள் இல்லாத இடத்தில் மட்டுமல்ல, ஆள் இருக்கிற இடத்திலும் ஏற்றிவைத்து ஆளை வீட்டுக்கு அனுப்பிய நிறுவனங்களுக்குத்தான். வங்கிச் செயலி, காப்பீட்டுப் பத்திரம், அரசின் அறிவிப்பு என்று எல்லாவற்றிலும் இப்போது துபாஷியின் தமிழ். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க ஒருவரைக்கூட அமர்த்தாமல், எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழிக்கு ஒரு பொத்தானை அழுத்திச் சேவை செய்கிறார்கள். இதைவிடக் குறைந்த செலவில் ஒரு மொழியை மதித்தவர்கள் யாரும் இல்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் மருந்தை 'டேக்' செய்வார்கள். மலாயில் 'மாக்கான் உபாட்', அதாவது மருந்து சாப்பிடுவது. சீனத்திலும் சாப்பிடுவதுதான். ஜப்பானியத்தில் 'நோமு', குடிப்பது. தமிழில் மருந்து சாப்பிடுகிறோம், கஷாயம் குடிக்கிறோம், மாத்திரை போடுகிறோம். வாய்க்குள் போக வேண்டிய பொருள் என்பதை வினையே சொல்லிவிடுகிறது. தாளில் இருப்பதோ: "தினமும் இரண்டு எடுத்துக்கொள்ளவும்." எடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை எழுபது வயதுப் பாட்டியின் அறிவுக்கு விட்டிருக்கிறார்கள். அடுத்த வரியில் "காலி வயிற்றில் எடுக்க வேண்டாம்" என்கிறது. அதையும் அவர் புரிந்துகொள்வார் என்று நம்பியிருக்கிறார்கள்.

பாட்டி தாளை மடித்து மருந்துக் கடைப் பையனிடம் கொடுக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அந்தக் கடையில் சேர்ந்தவன். அவன் தாளைப் பார்ப்பதுகூட இல்லை. மாத்திரை அட்டையில் பேனாவால் இரண்டு கோடு போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போட்டுக்கங்க பாட்டி. வெறும் வயித்துல போடாதீங்க. சாப்பிட்டு அரை மணி கழிச்சு" என்கிறான். ஒருமுறைக்கு இருமுறை சொல்லி, புரிந்ததா என்று திரும்பக் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு மருந்து எடுக்கப் போகிறான்.