குதிரைக்கு இலை போடலாமா?

கேள்வி: முருங்கைக்கீரை குதிரைக்குச் சத்தாமே? – ஆலங்குடி வாசகர்

பதில்: புரதம், சுண்ணாம்புச் சத்து இரண்டும் உண்டு. புல்லோடு ஒரு பிடி கலந்து, மெல்லப் பழக்குங்கள். புல்தான் சாப்பாடு, முருங்கை தொடுகறி. பந்தியில் வரிசை மாறக் கூடாது.

கேள்வி: தோப்பில் சவுண்டல் தழையை ஆடு வெளுத்துக் கட்டுகிறது. வண்டிப் பந்தயக் குதிரைக்கும் போடலாமா? – கீரமங்கலம் வாசகர்

பதில்: தொடர்ந்து போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். அந்த இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. அசைபோடும் ஆட்டின் முதல் வயிற்றில் அதை முறிக்கும் நுண்ணுயிர் குடியிருக்கும். குதிரை அசைபோடாது, வயிறும் ஒன்றுதான். முதல் பரிசே வாங்கினாலும் மொட்டை வாலோடு நிற்கும், சம்மதமா?

கேள்வி: வேப்பிலை? – திருமயம் வாசகர்

பதில்: கொட்டிலுக்கு வெளியே மூட்டம் போடுங்கள், கொசு ஓடும். வாயில் திணித்தால் குதிரை ஓடும்.

கேள்வி: கோயிலில் போட்ட அரளி மாலையை என் குதிரை கடிக்கப் பார்க்கிறது. பூதானே? – அறந்தாங்கி வாசகர்

பதில்: முதலில் மாலையைக் கழற்றுங்கள், பிறகு படியுங்கள். அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். ஒரு கைப்பிடி இலை போதும், இதயத் துடிப்பு தாறுமாறாகிக் குதிரை சாய்ந்துவிடும். காய்ந்தாலும் வீரியம் போகாது. குப்பையில் எறிந்த மாலையும் எமன்தான். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரை அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் 33 அடிக் குதிரைச் சிலையே மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலை போட்டுக்கொள்கிறது. உங்கள் குதிரைக்கு மட்டும் அரளி எதற்கு?

கேள்வி: வலிக்கு வில்லோ இலை கொடுத்து ஓட்டினால் யாருக்குத் தெரியும்? – புதுக்கோட்டை வாசகர்

பதில்: வில்லோவின் சாலிசின் ஆஸ்பிரினுக்குச் சித்தப்பா முறை. பன்னாட்டுப் பந்தய விதிப்படி சிறுநீரில் அதிலிருந்து வரும் சாலிசிலிக் அமிலம் மில்லிலிட்டருக்கு 750 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நீங்கள் மறைத்ததைக் குதிரை மூத்திரம் சொல்லிவிடும். அதைவிட, வலி தெரியாமல் ஓடுகிற காலுக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

கேள்வி: பாண்டியர் காலத்தில் குதிரைக்கு என்ன போட்டார்கள்? – ஆவுடையார்கோயில் வாசகர்

பதில்: குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர் கோயில் கட்டிய ஊர்க்காரர் கேட்கிறீர்கள், பொருத்தம்தான்! 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்கோ போலோ எழுதியிருக்கிறார்: சோறும் வேகவைத்த இறைச்சியும். கப்பலில் வந்த குதிரைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன, அரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புதிதாக வாங்கினார். புல்லைப் போட்டிருந்தால் கஜானா பிழைத்திருக்கும், குதிரையும்தான்.