தேறியவருக்கு டியூட்டி

தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் காசநோயோ புற்றுநோயோ வந்தால் ஈ.எஸ்.ஐ. கைகொடுக்கும்: ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு, இவை நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதன்பின் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரைகூட. மாதச் சம்பளம் மட்டும் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அந்தக் கவலையைப் பல நிர்வாகங்கள் வைப்பதே இல்லை.

உடல் தேறியதும் தகுதிச் சான்றிதழ். ‘பாரம் தூக்கக் கூடாது, இரவுப் பணி வேண்டாம்’ என்று மருத்துவர் எழுதியதை நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பரிவோடு படிப்பார், கோப்பில் சேர்ப்பார், ஐ.சி.யூ.வில் நைட் டியூட்டி போடுவார். அங்கே எண்பது கிலோ நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவருக்குப் படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதல்லவா? விடிந்ததும், வீடு திரும்பும் நோயாளிகளிடம் ‘ஆறு வாரம் குடம்கூடத் தூக்காதீங்க, நல்லா தூங்குங்க’ என்று சொல்லி அனுப்புவதும் அதே செவிலியர்தான்.