வீட்டுச் சிமுலேட்டர் இருக்கையின் மெத்தைத் தேர்வு: ஓர் ஆசனவியல் ஆய்வு

ஆய்வின் நோக்கமும் எல்லையும்

தமிழில் நாற்காலியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அதில் யார் அமர்வது என்பதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அமர்பவருக்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்னும் வினா தீண்டப்படாமலே கிடக்கிறது. அக்குறையை ஒருவாறு நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

நாற்காலி என்னும் பெரும்பரப்பிலிருந்து ஒரே ஒரு நாற்காலி இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டாவது படுக்கையறையில், கணினித் திரைக்கு எதிரே, பிளைவுட்டும் ஸ்குரூவும் கொண்டு வீட்டிலேயே செய்யப்பட்டு, இம்மியும் நகராமல் ஏர்பஸ்ஸாகவும் பந்தயக் காராகவும் விளங்கும் சிமுலேட்டர் இருக்கை அது.

ஆய்வின் முதன்மைச் சான்று என் மைத்துனரின் பின்புறம். பகலில் அவர் வங்கியில் வேலை பார்க்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஓட்டுகிறார். நிஜ விமானத்துக்கு எத்தனை நேரமோ அத்தனை நேரம், அதாவது நாலு மணி நேரத்துக்கும் மேல். சனி, ஞாயிறு பந்தயக் கார். மெத்தைக் கடைக்காரர், சீட் கவர் தைப்பவர், மைத்துனர் வீட்டம்மா ஆகியோரின் கூற்றுகள் துணைமைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. விளக்கமுறை, ஒப்பீட்டு முறை என்னும் இரு அணுகுமுறைகளும் பின்பற்றப்பட்டுள்ளன. நிதி நல்கை எதுவும் பெறப்படவில்லை. வீட்டம்மாவிடம் விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டது.

முன்னோர் மொழிந்தவை

சிமுலேட்டரின் முதல்வர் எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டனில் பியானோவும் ஆர்கனும் செய்த அப்பாவின் பட்டறையில் தொழில் பழகியவர். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்தியை எடுத்து, அதன்மேல் ஒரு குட்டி விமானத்தை ஏற்றி, உள்ளே உட்கார்ந்தவரைச் சாய்த்தும் திருப்பியும் காட்டும் பொறியைச் செய்து 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள். 1934-இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் ஆறு பொறிகளை வாங்கியது.

அதே 1929-இல், அட்லாண்டிக்கின் மறுகரையில், பர்மிங்காமில் டன்லப் ஆய்வகத்தார் ரப்பர் பாலை நுரைக்க அடித்து, இறுகவைத்து, நுரை ரப்பரை உண்டாக்கினார்கள். சிமுலேட்டரும் மெத்தையும் ஒரே ஆண்டில் பிறந்தும் ஒன்றை ஒன்று அறியாமல் வளர்ந்தது வரலாற்றின் பெரும் இழப்பு என்பது என் துணிபு. இது வெறும் தற்செயல் என்பாரும் உளர். அவர்கள் சிங்கப்பூர்வரை பிளைவுட்டில் உட்கார்ந்து போய்ப் பார்க்காதவர்கள்.

1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழுவினர் பாலியூரிதேனைக் கண்டறிந்தார்கள். இன்று கடையில் ஃபோம் என்று வெட்டித் தருவது பெரும்பாலும் அந்த வம்சம்தான். பாலியாலும் ஐசோசயனேட்டும் சேரும்போது, உடன் கலந்த தண்ணீர் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கரியமில வாயுவைக் கிளப்புகிறது. அந்த வாயு ஊதிவிட்டுப் போன குமிழ்களின் மேல்தான் நாம் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

டென்சிட்டி என்னும் மயக்கம்

களப்பணியின் முதல் நாள் உரையாடல் அப்படியே தரப்படுகிறது.

“அண்ணே, விமானத்துக்கு ஃபோம் வேணும்.”

“விமானத்துக்கு எத்தனை இஞ்ச்சு சார்?”

கடைக்காரர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. மறுநாள் ராக்கெட்டுக்குக் கேட்டாலும் இதே கேள்விதான் வந்திருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

“மூணு இஞ்ச்சு. கெட்டியா இருக்கணும்.”

“அப்ப நாப்பது டென்சிட்டி எடுத்துக்குங்க. முப்பத்திரண்டு அமுங்கிரும். அம்பது போட்டீங்கன்னா கல்லு.”

இந்தக் கூற்று நாடெங்கும் வழங்குகிறது, பிழையானது. இதை மறுத்து இவ்வாய்வாளர் யாத்த நூற்பா வருமாறு:

அடர்த்தி வேறே கடினம் வேறே
விலைஅவ் விரண்டையும் கடந்து நிற்குமே.

இதன் உரை: டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். நாற்பது என்றால் நாற்பது கிலோ. அது ஃபோமில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு அமுங்கும் என்பதைச் சொல்லாது. நாற்பதிலேயே மென்மையானதும் செய்யலாம், கடினமானதும் செய்யலாம். ‘கடந்து நிற்குமே’ என்றதனால், இரண்டையும் அறியாமலே பில் போடப்படும் என்பதும் பெறப்படும்.

கடினத்தை அளக்க ஆலைகள் வேறு வழி வைத்திருக்கின்றன. பதினைந்து அங்குலச் சதுரமும் நாலு அங்குலக் கனமும் உள்ள துண்டின்மேல் 8 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டை வைத்து, கனத்தில் கால்வாசி அமுங்கும்வரை அழுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்று பார்க்கிறார்கள். மனித குலத்தின் பின்புறங்கள் அனைத்துக்கும் பிரதிநிதியாக அந்த எட்டங்குல உலோகத் தட்டு எந்தத் தேர்தலில் தேர்வானது என்பது தனி ஆய்வுக்குரியது. அடுத்து 65 சதவீதம் அமுங்கும்வரை அழுத்துவார்கள். இரண்டாவது விசையை முதலாவதால் வகுத்து வரும் எண்தான் இந்தத் துறையின் இரகசியம். சாதாரண ஃபோமில் அது இரண்டை ஒட்டி நிற்கும். ஹெச்.ஆர். எனப்படும் உயர் மீள்திறன் ஃபோமில் இரண்டரையை நெருங்கும் அல்லது தாண்டும். எண் கூடக் கூட, மேலே மெத்தென்றும் உள்ளே போகப் போக உறுதியாகவும் இருக்கும். எண் குறைந்தால் பத்து நிமிடத்தில் ஆள் தரை தட்டுவார்.

இந்த எண்ணைக் கேட்டால் எந்தக் கடையிலும் தரமாட்டார்கள். டென்சிட்டியையாவது வீட்டுத் தராசில் சரிபார்க்கலாம். 20 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 4 அங்குலக் கனம் உள்ள துண்டு நாற்பது டென்சிட்டி என்றால் ஏறத்தாழ 1 கிலோ 50 கிராம் இருக்க வேண்டும். 840 கிராம் காட்டினால் அது முப்பத்திரண்டு. எடைக்காகச் சுண்ணாம்புத் தூள் கலக்கும் வழக்கமும் தொழிலில் உண்டு என்பதால், தராசும் இறுதிச் சான்றாகாது.

இரு எலும்புகளின் ஆட்சி

உட்கார்ந்த மனிதனின் பாரத்தில் பெரும்பங்கை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளே தாங்குகின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று அறிய எளிய சோதனை உண்டு. சைக்கிள் சீட் விற்பவர்கள் செய்வது. ஆன்லைன் பொருள் வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, திண்ணை போன்ற கடினமான இடத்தில் போட்டு, அதன்மேல் சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அட்டையின் நெளிவரிகள் நசுங்கி இரண்டு குழிகள் தெரியும். மைத்துனரின் குழிகளுக்கு இடையே 12 சென்டிமீட்டர். அந்த அட்டை இவ்வாய்வின் பிற்சேர்க்கையாகப் பாதுகாக்கப்படுகிறது. வீட்டம்மா இருமுறை பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தார்.

இதிலிருந்து பெறப்படும் விதி: மெத்தை ஒரே தட்டாக இருக்கக் கூடாது. கீழே கடினம், மேலே மென்மை. அடியில் ஓர் அங்குலம் ரீபாண்டட். வெட்டிக் கழித்த ஃபோம் துணுக்குகளை ஒட்டி அழுத்திய அந்தப் பலவண்ணப் பலகை விலையும் மலிவு, தரை தட்டவும் விடாது. அதன்மேல் இரண்டு அங்குலம் ஹெச்.ஆர். ஃபோம். முழங்கால் பக்கத்து விளிம்பை ஹேக்சா பிளேடால் சரித்து உருட்டிவிட வேண்டும். கூர்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தினால் அந்தமான் தாண்டுவதற்குள் கால் மரத்துப்போகும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை உதவாது, உள்ளே காயவே காயாது. ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அமுக்க வேண்டும். அந்தப் பசையைத் தெர்மாகோலின் மேல் தடவியவர்கள் தெர்மாகோல் கரைந்து காணாமல் போவதைக் கண்ணால் காணலாம்.

பிளைவுட்டில் துளை போட மறக்கக் கூடாது. அடியில் பலகை, சுற்றிலும் ரெக்சின் என்று அடைத்துவிட்டால் குமிழ்களின் காற்றுக்குப் போக வழியில்லை. உட்கார்ந்ததும் இருக்கை உப்பி, பிறகு தையல் வழியே நீண்ட பெருமூச்சு விடும். தரையிறங்கும் நேரத்தில் அந்த ஓசை விமானிக்கு அவமானம்.

பிரேக்கும் முதுகும்

இதுவரை சொன்னது விமானத்துக்கு. பந்தயக் காருக்கு முதுகே பிரதானம். லோட் செல் பொருத்திய பிரேக் பெடல், எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைப் பார்க்காமல் எவ்வளவு பாரம் கொடுத்தோம் என்பதையே அளக்கும்; 60 கிலோ, 90 கிலோ என்று கேட்கும் பெடல்கள் உண்டு. அத்தனை பாரத்தையும் கால் கொடுக்கும்போது முதுகு பின்னே தள்ளப்படும். சாய்மானத்தில் நாலு அங்குல மெத்தை இருந்தால் மிதித்ததில் பாதி மெத்தையை நசுக்கவே செலவாகும். ஒவ்வொரு வளைவிலும் கார் ஒவ்வொரு விதமாக நிற்கும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு மெத்தை வியாபாரிகள்மேல் இரக்கம் கிடையாது.

ஆகவேதான் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஏறிய அந்த ஃபார்முலா ஒன் உலகில் மெத்தை என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. நுரைமணிகளும் பிசினும் நிரப்பிய பையின்மேல் ஓட்டுநரை உட்காரவைத்து, அவர் உடம்பின் அச்சை எடுத்து, அதன்படி கார்பன் ஃபைபரில் கூடு செய்கிறார்கள். சரியாகப் பொருந்திய வன்மை, பொருந்தாத மென்மையைவிடச் சுகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. சிலர் இருக்கையின் அடியில் பேஸ் ஷேக்கர் மாட்டி எஞ்சின் அதிர்வை உணரப் பார்க்கிறார்கள். மெத்தை கனத்தால் அதிர்வு முழுவதையும் ஃபோமே உண்டுவிடும், உடம்புக்கு வந்து சேராது. முதுகுக்கு ஓர் அங்குலம் போதும். இடுப்பு வளைவில் மட்டும் கொஞ்சம் கூடலாம்.

மெமரி ஃபோம் பற்றிய தடையும் விடையும்

“நாசா கண்டுபிடித்ததையா வேண்டாம் என்கிறீர்?” என்று மைத்துனர் தடை எழுப்பினார். 1966-இல் நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் அதை உருவாக்கியது உண்மை. விமான இருக்கைக்காகவே உருவாக்கியதும் உண்மை. ஆனால் அதன் குணம் வெப்பத்தோடு மாறும். ஏசி அறையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் ஐந்து விரலும் பதிந்து மெல்ல மெல்ல மேலெழும். மே மாதத்துச் சென்னையில் மின்சாரம் போன பிற்பகலில் அதே துண்டு வெயிலில் வைத்த வெல்லம்போல் இளகும். உடம்புச் சூட்டையும் வெளியே விடாது. ஏசி உள்ள வீட்டில் மேலடுக்காக அரை அங்குலம் அனுமதிக்கப்படுகிறது.

மென்மை ஆபத்தாவதும் உண்டு. போர் விமானத்தின் வெளியேற்ற இருக்கையில் தடித்த மெத்தை வைத்தால், இருக்கை சீறிக் கிளம்பும்போது விமானி முதலில் மெத்தைக்குள் புதைவார். அதற்குள் வேகம் பிடித்துவிட்ட இருக்கை பிறகு அவரைத் தாக்கும், முதுகெலும்பு முறியலாம். மைத்துனரின் இருக்கைக்கு இந்த அபாயம் இல்லை. அவரை அதிலிருந்து வெளியேற்றும் விசை வீட்டம்மாவின் கையில்தான் உள்ளது, அது பெரும்பாலும் குரலால் இயங்குகிறது.

தள்ளுபடி செய்யப்பட்டவை

போடி பக்கத்து இலவம் பஞ்சு படுக்கைக்கு அரசன், இருக்கைக்கு ஆகாது. நடுவில் பள்ளம் விழுந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய கார் சீட்டை எதிர்த்து எனக்கு வாதம் ஏதும் இல்லை. உண்மையில் பலருக்கு அதுவே சிறந்த வழி. ஆனால் 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் நீள முன்சீட்டு மட்டும் வேண்டாம். அதில் அமர்ந்தவருக்குப் பறக்கத் தோன்றாது, தொகுதி நிலவரம் பேசத் தோன்றும்.

மேலுறையைப் பொறுத்தவரை ரெக்சின் பார்க்க அழகு, நம் வியர்வைக்குப் பகை. காற்றோடும் மெஷ் துணி நல்லது. ஆயினும் இந்தத் துறையின் மிக உயர்ந்த கண்டுபிடிப்பு எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. அரசு அலுவலகங்களில் அதிகாரியின் நாற்காலி முதுகில் விரித்திருக்கும் வெள்ளை டர்க்கித் துண்டுதான் அது. வியர்வையை உறிஞ்சும், வழுக்காது, துவைக்கலாம், அமர்ந்தவரின் பதவியையும் ஒரு படி உயர்த்திக் காட்டும். மைத்துனர் அதை விரித்த நாளிலிருந்து தன்னைக் கேப்டன் என்று அழைக்கச் சொல்கிறார்.

ஒரு வேண்டுகோள்

1984-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயணிகள் விமானத்து மெத்தைகளுக்கென்றே தீச்சோதனை ஒன்றை விதித்தது. எண்ணெய் பர்னரின் சுடரை இரண்டு நிமிடம் காட்டிய பிறகும் மெத்தை தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. நாம் கடையில் வாங்கும் சாதா ஃபோமுக்கு அப்படி எந்தச் சோதனையும் நடந்திருக்காது. பாலியூரிதேன் பற்றினால் விரைந்து எரியும். புகையில் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். சால்டரிங் அயர்னை எரியவிட்டபடி இருக்கைமேல் வைக்காதீர்கள். கொசுத் தொல்லைக்கு வலையோ மட்டையோ வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் கொசுவத்திச் சுருள் ஏற்றி வைப்பவர்கள் இந்த ஆய்வைப் படித்ததாக வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.