சோபாவில் ஒரு சபை

கேள்வி: ஞாயிறு ஆராதனையை யூடியூபிலேயே பார்த்துவிடுகிறேன். பிரசங்கமும் எங்கள் பாஸ்டருடையதைவிட நன்றாக இருக்கிறது. பிறகு எதற்குச் சர்ச்சுக்குப் போக வேண்டும்?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கத்தை நீட்டினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய், மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். (பவுலுக்கே இந்தக் கதி, உங்கள் பாஸ்டரை மன்னித்துவிடுங்கள்.) பவுல் இறங்கி வந்து அவனை அணைத்துக்கொண்டார், பையன் பிழைத்தான். நீங்கள் சோபாவில் தூங்கிச் சரிந்தால் யூடியூப் அடுத்த விளம்பரத்தைப் போடும்.

கட்டடம் எதற்கு என்று கேட்டிருந்தால் உங்கள் கட்சிதான் நான். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியின் வீட்டில் சபை கூடியது. சிரியாவின் துரா யூரோப்போசில் தோண்டியெடுத்த 3-ஆம் நூற்றாண்டு ஆலயமும் மாற்றிக் கட்டிய வீடுதான். ஆனால் நீங்கள் ஆட்களே வேண்டாம் என்கிறீர்கள். சுதி தப்பிப் பாடுகிறவர், போன வருஷச் சண்டையை மறக்காதவர் எல்லாரும் சேர்ந்ததுதானே சபை?

கொரிந்துச் சபையின் திருவிருந்தில் ஒருவர் பசியோடு இருக்க, இன்னொருவர் குடித்து வெறித்திருந்தார். பவுல் கடுமையாகக் கண்டித்தார். பசியென்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். வரவே வேண்டாம் என்று மட்டும் எழுதவில்லை.