குட்டி யார் வீட்டுக் குட்டி?

தொட்டிக்குள் விரலளவு பைக் சிக்லிட் குட்டிகள். இனம்? கடைக்காரர் 'லுகுப்ரிஸ்' என்கிறார். பக்கத்து மீன்பிரியர், கண்ணாடியில் மூக்கு ஒட்ட, 'மார்மோராட்டா' என்று சத்தியம் செய்கிறார். குட்டிகளுக்கோ புள்ளி ஒன்றே அடையாள அட்டை. வளர வளர அதையும் பல இனங்கள் அழித்துவிடும்.

ஆய்வாளர்கள் பக்கவாட்டுச் செதில்களை எண்ணுவார்கள், பிடித்த ஆற்றையும் கேட்பார்கள். கடை ரசீதில் ஆறு ஏது? ஆறு தெரிந்தாலும் இனப்பெயர் இல்லாமல், சிங்கு ஆற்று மீன்கள் சில 'சிங்கு 1', 'சிங்கு 2' என்று கைதி எண்ணோடுதான் விற்பனைக்கு வந்தன.

பைக் சிக்லிட்களுக்கு 1840இல் ஹெக்கல் என்ற ஆய்வாளர் வைத்த கிரெனிசிக்லா என்ற பேரினக் கூட்டுக்குடும்பமும் 2023இல் பாகம் பிரிந்தது. சிலருக்கு லுகுப்ரியா, சிலருக்கு சாக்ஸட்டிலியா.

விவாதம் முடிவதற்குள் தொட்டியில் ஒரு குட்டி குறைந்திருக்கும். சாப்பிட்டவருக்கு வகைப்பாட்டியலில் ஐயமே இல்லை.